மூன்றாம் அதிகாரம்

பிள்ளைச்சாவடி
11 ஆகஸ்ட் 2024

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

சுமலதா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது, மாத்திரை தீராமல் வாங்கி வைத்திருக்கிறீர்களா என்று அறிய விரும்புகிறேன்.

கடிதத்தின் தலையிலேயே ‘உங்கள் மகன் லூர்துபிரகாஷின் மனைவி’ என்று எழுதினால் மடித்து வைத்துவிடுவீர்களோ என்று பயந்து பெயரை மட்டும் எழுதினேன். அவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அடக்கத்தன்று நீங்கள் என்னைப் பின்னால் நிற்கச் சொன்னீர்கள், நின்றேன். அதற்குப் பிறகு இரண்டு முறை நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்தேன். இரண்டாவது முறை ஜன்னலில் உங்களைப் பார்த்தேன். பாத்திரம் தேய்க்க வரும் வீராயி அக்காதான் கேட்டுக்கு வெளியே வந்து சொன்னார்கள்: “பெரியவரு பாத்துட்டாரும்மா. பாத்துட்டாரு, அதனாலதான் தொறக்க மாட்டாரு. நீ வெயில்ல நிக்காத, போ.”

உங்களுக்குக் காது கேட்காததால் போனில் பேச முடியாது. பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்துக்குத் தபால் எழுதுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. வேறு வழி தெரியவில்லை.

விஷயம் இதுதான். நான் ஞானஸ்நானம் பெற முடிவு செய்திருக்கிறேன். யாரும் வற்புறுத்தவில்லை. எங்கள் வீட்டில் அம்மா பத்து நாள் பேசவில்லை, இப்போது பேசுகிறார்கள். எங்களுக்குப் பக்கத்துப் பங்குக் கோயிலில் ஜோவிதா என்ற அக்கா ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கிறார்கள். அடுத்த வருடம் ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பைபிள் வாங்க டவுனில் கடைக்குப் போனேன். நான்கு வகை வைத்திருக்கிறார்கள். ஒன்று பழைய மொழிபெயர்ப்பு, ஒன்று கோயிலில் வாசிப்பது, ஒன்று பேச்சுப்போல எளிமையாக இருப்பது, இன்னொன்று இரண்டு மொழி. புதிதாக வருகிறவள் எதை வாசிக்க வேண்டும்? நீங்கள் பைபிளை முழுக்கப் படித்தவர் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் உங்களைக் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பதில் வந்தால் மகிழ்வேன்.

சுமலதா

•

சேசு மரி சூசை துணை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
2 செப்டம்பர் 2024

சுமலதாவுக்கு,

தனிஸ்லாஸ் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். முட்டி என்னுடையது, அது எப்படி இருந்தால் உனக்கென்ன. உன் சுகத்துக்கு எழுது.

நீ கேட்டது புத்தகத்தைப் பற்றி. அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டதைக் கல்யாணம் என்று நான் ஏற்றுக்கொண்டதாக இந்தக் கடிதத்தை வைத்து யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே.

பழைய மொழிபெயர்ப்பை வாசி. வேறு எதையும் தொடாதே. கோயிலில் இப்போது வாசிக்கிறார்களே, அது பத்துப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் மனம் இன்னொருவருக்கு நோகாமல் எழுதியது. எளிய தமிழ் என்று விற்கிறார்களே, அது பால்புட்டி. தெரியாத வார்த்தை வந்தால் மனிதன் நிற்கிறான். நின்றால்தான் யோசிக்கிறான். எல்லாம் உடனே புரிந்துவிட்டால் வாசித்துவிட்டுச் சமைக்கப் போய்விடுவாய்.

கடையில் வாங்காதே, இப்போது வருகிற தாள் வெங்காயத் தோல். என்னிடம் இரண்டு பிரதி இருக்கின்றன. ஒன்றைப் பார்சலில் அனுப்புகிறேன். கறுப்பு அட்டை. முதுகில் நான் துணி ஒட்டியிருக்கிறேன், பிய்க்காதே. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதே.

வீட்டுக்கு வர வேண்டாம். சந்தேகம் இருந்தால் எழுது. ஒரு அதிகாரத்துக்கு ஒரு சந்தேகத்துக்கு மேல் கேட்காதே.

கர்த்தர் உனக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்.

ம. தனிஸ்லாஸ்

•

பிள்ளைச்சாவடி
22 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? நானும் அம்மாவும் நலம். கம்பெனியில் இந்த மாதம் எனக்குக் காலை ஷிப்ட். மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டி முடித்து நாலு மணிக்கு வந்துவிடுகிறேன். விளக்கு வைப்பதற்குள் ஒரு அதிகாரம் வாசித்துவிடலாம்.

புத்தகம் வந்தது. பார்சலைத் தபால்காரர் கொடுத்தபோது எங்கள் தெரு சிலம்பரசன் அண்ணன், “இன்னா சுமா, மாமனாரு சீர் அனுப்பிட்டாரா?” என்று கிண்டல் செய்தார். “ஆமாம்ணா, ஒன்றரைக் கிலோ” என்றேன்.

எனக்கு அது சீர்தான்.

மத்தேயுவில் ஆறாம் அதிகாரம் வரைக்கும் வந்திருக்கிறேன். புரியாத வார்த்தைகளைத் தனி நோட்டில் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு முப்பது வருகிறது. வகுப்பில் ஜோவிதா அக்கா சொல்லிக்கொடுப்பது வேறு தமிழ். அங்கே கேட்டதை இங்கே வந்து தேடும்போது, ஊருக்குள் தெரு பெயரெல்லாம் மாற்றி வைத்தது போல இருக்கிறது. ஆனாலும் வீட்டைக் கண்டுபிடித்துவிடுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். சந்தேகம் அல்ல. ஞானஸ்நானத்தன்று என் தோளில் கை வைத்து நிற்க ஒரு ஞானத்தாயோ ஞானத்தந்தையோ வேண்டுமாம். கிறிஸ்தவராக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் எனக்கு யார் இருக்கிறார்கள்? கிறிஸ்தவத்தில் எனக்கென்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் வந்து நிற்பீர்களா? அவர் இருந்திருந்தால் இதைக் கேட்க வேண்டி வந்திருக்காது. நீங்கள் நின்றால், நான் அவருக்கு யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு வேண்டியது அதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுமலதா

•

சேசு மரி சூசை துணை

நெல்லித்தோப்பு
20 அக்டோபர் 2024

சுமலதாவுக்கு,

சுகம். உன் வீட்டிலும் சுகம் என்று நினைக்கிறேன். பதில் தாமதமானதற்குக் காரணம் தேடாதே, யோசித்தேன்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன் என்று அவன் சொல்லியிருப்பான். மில்லில் தறிக்கூடத்தில் முப்பத்தைந்து வருடம். காது அங்கேதான் போயிற்று. இருபத்தொரு வயதில், மில் அடைத்துப் போட்ட மூன்று மாதத்தில், பக்கத்துத் தறிக்காரர் ஊருக்குத் திரும்பும்போது இந்தப் புத்தகத்தை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அவர் வேறு சபைக்காரர். எனக்கு ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் கர்த்தர் கற்பித்த ஜெபம் மனப்பாடம். அது இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார். வாயில் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு வடிவத்தைக் கண்டுபிடித்தேன். மூன்று மாதம். வாத்தியார் கிடையாது. மில் திறந்தபோது நான் எழுத்து வாசிக்கிறவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பெருமைக்காகத்தான் போனேன், இல்லையென்று சொல்லவில்லை. அப்போதிருந்த சாமியார் வாசலிலேயே பிடுங்கினார். “பதிதர் புத்தகத்தக் கோயிலுக்குள்ள கொண்டாறியா? யாருடா உனக்குப் படிக்கச் சொன்னது?” என்று கேட்டுவிட்டுப் படியில் எறிந்தார். பிரிந்துபோன சபைக்காரர்களை அப்போது பதிதர் என்றுதான் சொல்வார்கள். பூசைக்கு வந்த அத்தனை பேரும் தாண்டிப் போனார்கள். சிலர் மிதித்தார்கள். முதுகில் துணி ஒட்டியிருக்கிறதே, அது அன்றைக்கு ஒட்டியது. உனக்கு அனுப்பியது அந்தப் பிரதி.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கிறேன். கோயிலில் அச்சடித்துக் கொடுத்த ஒரு தாளைக்கூடத் தொட்டதில்லை. ஐம்பத்தைந்து வருடம். பிற்பாடு வந்த சாமியார்கள் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் பழைய காலம் பெரியவரே, இப்ப எல்லாரும் ஒண்ணுதான்” என்கிறார்கள். ஒன்றாகிவிட்டதாம். என் புத்தகத்தைப் படியிலிருந்து எடுத்துக் கையில் கொடுக்க யாரும் வரவில்லை.

உனக்கு ஞானத்தந்தையாக வந்து நிற்கிறேன். ஒரு நிபந்தனை. இந்தப் புத்தகத்தைத் தவிர வேறு மொழிபெயர்ப்பைத் திறக்கக் கூடாது. வகுப்பில் எது சொன்னாலும் காதால் கேட்டுக்கொள். கண்ணால் வாசிப்பது இதுவாக இருக்க வேண்டும். சம்மதமானால் இரு, இல்லையென்றால் அந்த ஜோவிதாவையே நிற்கச் சொல்.

மழைக்காலம் வருகிறது. புத்தகத்தைத் தரையில் வைக்காதே.

ம. தனிஸ்லாஸ்

•

பிள்ளைச்சாவடி
15 டிசம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

புயலில் உங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே? நெல்லித்தோப்பில் இடுப்பளவு தண்ணீர் என்று டிவியில் காட்டினார்கள். வீராயி அக்காவுக்குப் போன் செய்தேன். நீங்கள் கட்டில் மேல் உட்கார்ந்து யாரையும் கிட்ட விடாமல் திட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னதும் நிம்மதியாக இருந்தது. எங்களுக்குக் கூரை ஓடு ஆறு போயிற்று. புத்தகத்தை அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தேன்.

உங்கள் நிபந்தனைக்குச் சம்மதம். அக்டோபரில் கடிதம் வந்த அன்றைக்கே சம்மதித்துவிட்டேன், எழுதத்தான் தாமதம். அதன்படியே நடக்கிறேன்.

ஜனவரி 12 அவருக்கு இரண்டாவது வருடம். பங்கின் அன்பியக் கூட்டத்தை, அதாவது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிப்பதை, அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஜோவிதா அக்கா சொன்னார்கள். ஒரு இருபது பேர் வருவார்கள். ஒவ்வொருவரும் அவரவர் பைபிளைக் கொண்டுவருவார்கள். வீட்டுக்காரர்தான் வாசகம் வாசிக்க வேண்டுமாம். எனக்குச் சொன்ன வாசகம் சாலமோனின் ஞானம், மூன்றாம் அதிகாரம்.

நம் புத்தகத்தில் தேடினேன். ஞானம் என்று தனியாகத் தலைப்பு இல்லை. நீதிமொழிகள் என்ற ஆகமத்தின் முதல் வரியிலேயே சாலமோன் பெயர் இருக்கிறது. உள்ளே பேச்செல்லாம் ஞானத்தைப் பற்றித்தான். பழைய புத்தகத்தில் தலைப்பு வேறுமாதிரி வைத்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு அதில் மூன்றாம் அதிகாரத்தைத் தயார் செய்கிறேன். சரிதானே?

அது ஒரு அப்பா மகனைக் கூப்பிட்டுப் பேசுவது போல ஆரம்பிக்கிறது. முதல் தடவை வாசித்தபோது மேலே போக முடியவில்லை. இப்போது அழாமல் வாசிக்கிறேன். தினமும் வேலைக்குப் போகும் முன் சத்தமாக ஒரு தடவை. அம்மாவுக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

அன்று நீங்கள் வர முடியுமா? வந்தால் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிறேன்.

சுமலதா

•

சேசு மரி சூசை துணை

நெல்லித்தோப்பு
24 டிசம்பர் 2024

சுமலதாவுக்கு,

தண்ணீர் வடிந்துவிட்டது. வீராயியின் வாய்தான் வடியவில்லை. அவள் பேச்சை நம்பாதே. நான் திட்டியது அவளை அல்ல, முனிசிபாலிட்டியை.

கடிதம் கிடைத்தது. வாசிக்கும்போது அவசரப்படாதே. உன் எழுத்தைப் பார்த்தாலே நீ வேகமாகப் பேசுகிறவள் என்று தெரிகிறது. ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் மூச்சு விடு. முதல் வசனத்தில் மகனைக் கூப்பிடுகிற இடத்தில் நிறுத்து. அந்தச் சொல்லை இழுக்காதே, அழுகையைக் காட்டாதே. கூப்பிடுகிறவன் அழவில்லை, கட்டளை இடுகிறான். ஐந்தாம் வசனத்திலிருந்து குரலைத் தாழ்த்து. பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்.

புத்தகத்தைக் கையில் பிடித்து வாசி, மேசையில் வைக்காதே. எல்லோரும் பார்க்கட்டும்.

நான் வரவில்லை. எனக்குக் காது கேட்காது. கேட்காத வாசகத்துக்கு வந்து உட்கார்ந்து என்ன செய்ய? நீ வாசி. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நானும் இங்கே அதே அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. உன் தாயாரிடமும் சொல்.

ம. தனிஸ்லாஸ்

•

பிள்ளைச்சாவடி
14 ஜனவரி 2025

மாமாவுக்கு,

நலம் என்று நம்புகிறேன். இங்கே நலம்தான். பொங்கலன்று இதை எழுத வேண்டியிருக்கிறது.

இருபத்திரண்டு பேர் வந்தார்கள். பாட்டு முடிந்ததும் ஜோவிதா அக்கா, “சாலமோனின் ஞானம், மூணாம் அதிகாரம், எல்லாரும் எடுத்துக்கோங்க” என்றார்கள். எல்லோரும் பக்கத்தைப் புரட்டி விரலை வைத்துக்கொண்டார்கள். நான் நின்றுகொண்டு புத்தகத்தைக் கையில் பிடித்து வாசித்தேன். நீங்கள் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். மூச்சு விட்டேன். நன்றாகத்தான் வாசித்தேன் மாமா.

மூன்றாவது வசனத்திலேயே சலசலப்பு. நான் கவனிக்கவில்லை. அவர்கள் அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம், “இன்னாடி இது, எங்கியோ படிக்குது” என்றார். யாரோ சிரித்தார்கள். வெற்றிச்செல்வன் என்று பங்குப் பேரவையில் இருக்கிறவர் எழுந்து வந்து என் கையில் இருந்த புத்தகத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

“இது நம்ம புத்தகம் இல்லியேம்மா. நீ எந்த சபைக்குப் போற?”

“எங்கயும் போகல சார். நம்ம கோயிலுக்குத்தான் வர்றேன்.”

“அப்ப இத யாரு குடுத்தது? இதுல ஞானமே கிடையாது.”

அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். ஜோவிதா அக்கா சிரிக்கவில்லை. தன் பைபிளை என் கையில் கொடுத்து, “இதுல வாசிம்மா” என்றார்கள். தயார் செய்யாத பக்கத்தைத் திக்கித் திக்கி வாசித்தேன். செத்துப்போன நல்லவர்களைப் பற்றியது அது. அவருக்காகத் தேர்ந்தெடுத்தது அதுதான். என் அம்மா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதம் மாறப் போகிற மகளுக்கு எத்தனை மரியாதை என்று.

அக்கா பிறகு தனியாக விளக்கினார்கள். கத்தோலிக்கப் பைபிளில் இருக்கும் ஞானம் முதலான ஏழு ஆகமங்கள் உங்கள் மொழிபெயர்ப்பில் கிடையாதாம். அது உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. டிசம்பரில் நான் தெளிவாக எழுதினேன். எந்த ஆகமம், எந்த அதிகாரம், எப்படித் தொடங்குகிறது என்று எழுதி, சரிதானே என்று கேட்டேன். நீங்கள் மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

ஏன் மாமா?

இதை ஒரு பக்கம் வைக்கிறேன். பங்குச் சாமியார் இப்போது என் விஷயத்தில் சந்தேகப்படுகிறார். நான் வேறு சபையிலிருந்து வேவு பார்க்க வந்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஞானத்தந்தையாக நிற்கிறவர் தன் பங்குச் சாமியாரிடம், இவர் நம் கோயிலுக்கு ஒழுங்காக வருகிறவர் என்று ஒரு கடிதம் வாங்கித் தர வேண்டும். எல்லோருக்கும் உள்ள விதிதான். பிப்ரவரி முடிவதற்குள் தர வேண்டும். அதை வாங்கிக்கொண்டு நீங்களே ஒருமுறை வந்து, புத்தகம் நான் கொடுத்தது என்று சாமியாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேறெதுவும் கேட்கவில்லை.

சுமலதா

•

சேசு மரி சூசை துணை

நெல்லித்தோப்பு
9 பிப்ரவரி 2025

சுமலதாவுக்கு,

சுகம். சளி இருந்தது, போய்விட்டது.

ஏழு ஆகமங்கள் இல்லை என்பது எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். இல்லாததால் என் விசுவாசம் எதுவும் குறைந்துபோகவில்லை. நீ சரிதானே என்று கேட்டாய். நான் தவறு என்று எழுதவில்லை. சரி என்றும் எழுதவில்லை. என் கடிதத்தை எடுத்துப் பார்.

அவனுக்கு வாசிக்க வேண்டியது அந்த அதிகாரம்தான் என்று எனக்குத் தோன்றியது. செத்தவர்களைப் பற்றி எல்லோரும் எல்லோருக்கும் வாசிக்கிறார்கள். ஒரு தகப்பன் மகனுக்குச் சொல்ல வேண்டியதை யார் வாசிப்பது? அவன் சிறுவனாக இருந்தபோது எனக்கு ராத்திரி ஷிப்ட். வளர்ந்த பிறகு என் காது போயிற்று. அவனும் கத்திப் பேச விரும்பாதவன். பிறகு நீ வந்தாய். அந்த அதிகாரத்தை அவனுக்கு நான் ஒருமுறைகூட வாசித்துக் காட்டியதில்லை. ஒருமுறையாவது அது வாசிக்கப்படட்டும், இருபது பேர் கேட்கட்டும் என்று இருந்தேன். சிரிப்பார்கள் என்று நினைக்கவில்லை. சிரித்தால் அவர்கள் மூடர்கள். என் தலைமுறையில் மிதித்தார்கள், உன் தலைமுறையில் சிரிக்கிறார்கள். முன்னேற்றம்தான்.

கடிதம் வாங்க மாட்டேன். இங்கே இப்போது இருக்கும் சாமியாருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வந்து ஒன்பது மாதம். அவர் பிறப்பதற்கு முன்பிருந்து நான் அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிறேன். நான் யார் என்று அவரிடம் போய் எழுதி வாங்கிக்கொண்டு வந்து இன்னொருவரிடம் நீட்ட வேண்டுமா? அவர் என்னைக் கேட்பார், “பெரியவரே, நீங்க எந்தப் பைபிள் வாசிக்கிறீங்க?” என்று. அந்தக் கேள்விக்கு ஒரு சாமியாரிடம் இன்னொரு முறை பதில் சொல்ல மாட்டேன்.

கடிதம் இல்லாமல் நிற்க விட்டால் வருகிறேன். விதியைத் தளர்த்தச் சொல். விதி போட்டவர்கள் எத்தனை முறை மாற்றியிருக்கிறார்கள்.

நீ வாசிப்பதை நிறுத்தாதே. எந்த ஆகமத்தில் இருக்கிறாய் என்று எழுது.

ம. தனிஸ்லாஸ்

•

பிள்ளைச்சாவடி
3 மார்ச் 2025

மாமாவுக்கு,

சளி முழுவதும் போய்விட்டதா? இந்தப் பனியில் காலையில் வெளியே போகாதீர்கள்.

சாமியாரிடம் கேட்டேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார். நாள் முடிந்துவிட்டது. ஜோவிதா அக்கா எனக்கு ஞானத்தாயாக நிற்கிறார்கள். “உன் மாமனாரு வரலியா?” என்று கேட்டவர்களிடம் முடியாதவர் என்று சொன்னேன். உண்மைதான்.

புத்தகத்தை இத்துடன் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். முதுகுத் துணி பிய்யவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் வாசித்து முடித்துவிட்டேன். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. எந்தப் பைபிள் வாங்குவது என்று ஆகஸ்டில் கேட்டேனே, எனக்கு வாங்க வேண்டிய தேவையே இல்லை. வீட்டில் ஒன்று இருந்தது. அவருடையது. கோயிலில் வாசிக்கும் அதே மொழிபெயர்ப்பு. கல்யாணமான புதிதில் அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டுவார். ஓரங்களில் பென்சிலால் எழுதியிருக்கிறார். உங்களிடம் பேச்சைத் தொடங்க ஏதாவது ஒரு கேள்வி வேண்டியிருந்தது. புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் நீங்கள் பதில் எழுதுவீர்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

வேறு மொழிபெயர்ப்பைத் திறக்கக் கூடாது என்று நீங்கள் நிபந்தனை போட்டதும், அவர் பைபிளைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். நாலு மாதம். அவர் கையெழுத்தைப் பார்க்காமல் நாலு மாதம். ஜனவரி 12க்கு முன் ஒருமுறை திறந்திருந்தால் எது சரியான அதிகாரம் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். திறக்கவில்லை. உங்களுக்குக் கொடுத்த வார்த்தை.

அவருக்கு ஒரு அதிகாரம் வாசிக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டதைச் சொல்லியிருந்தால், ஞானத்தை வாசித்துவிட்டு அதையும் வாசித்திருப்பேன். இரண்டையும் கேட்க அவர்களுக்கு நேரம் இருந்தது. வடை ஆறிப்போயிருக்கும், அவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்துவிட்டேன்.

சுமலதா

•

சேசு மரி சூசை துணை

நெல்லித்தோப்பு
27 ஏப்ரல் 2025

மருமகள் சுமலதாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீயும் உன் தாயாரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

பார்சல் மார்ச்சிலேயே வந்தது. உடனே எழுதவில்லை. உன் நோட்டும் புத்தகத்துக்குள் இருந்தது, தெரியாமல் வைத்துவிட்டாயா தெரியாது. இரண்டாயிரத்துச் சொச்சம் வார்த்தை எழுதி அர்த்தம் போட்டிருக்கிறாய். பார்த்தேன். நாற்பதுக்கு மேல் தவறு. சிவப்பு மையால் திருத்தி வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

அவனிடம் அப்படி ஒரு பைபிள் இருந்தது எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் இருந்தவரைக்கும் என் முன்னால் அதை எடுத்ததில்லை. பென்சிலால் என்ன எழுதியிருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. உன்னிடமே இருக்கட்டும். அந்த மொழிபெயர்ப்பைப் பற்றி நான் சொன்னதில் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை உங்கள் கோயிலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர், தன் பேரன் காரில் கொண்டுவந்து விட்டார். எனக்கு எங்கும் கடைசித் தூண்தான், அங்கேயும் அதற்குப் பின்னால் நின்றேன். நீ வெள்ளைப் புடவை கட்டியிருந்தாய். அந்த ஜோவிதா உன் தோளில் வலது கையை வைத்திருந்தாள். சரியாகத்தான் வைத்திருந்தாள். சாமியார் மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். மூன்றாவது முறை அதிகமாக ஊற்றிவிட்டார், நீ மூச்சுத் திணறினாய். நிதானமில்லாத மனிதர்.

தண்ணீர் ஊற்றும் முன் அவர் ஞானஸ்நானத்தில் உனக்கு வைத்த புதுப் பெயரைச் சொன்னார். வாய் அசைந்தது. மைக் இருந்தது, ஊருக்கெல்லாம் கேட்டிருக்கும். எனக்குக் கேட்கவில்லை. அவர் உதட்டைப் பார்த்தேன், தாடி மறைத்துவிட்டது. பக்கத்தில் நின்றவரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் நீங்கள் யார் என்று அவர் என்னைக் கேட்டிருப்பார்.

இந்தக் கவரின் மேல் எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியாமல் பழைய பெயரையே எழுதியிருக்கிறேன். தபால் தவறிப் போகாமல் இருக்க வேண்டுமே என்பதற்காகத்தான் குறிப்பிடுகிறேன். சரியான பெயரைத் தெரிவித்தால் அடுத்த முறை அப்படியே எழுதுவேன்.

வெயில் கடுமையாக இருக்கிறது. மோர் குடி.

உன் மாமா,
தனிஸ்லாஸ்

•

பிள்ளைச்சாவடி
8 மே 2025

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீங்கள் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி.

நோட்டைத் திருத்தியதற்கு நன்றி. அனுப்ப வேண்டாம், எழுதிய அன்றே எனக்கு அது மனதில் தங்கிவிட்டது.

உங்கள் கடிதம் தவறாமல் வந்து சேர்ந்தது. பழைய பெயரிலேயே எழுதலாம். தபால்காரருக்கு அந்தப் பெயர்தான் தெரியும்.

சுமலதா